கவிழ்த்து வைத்த தாள்

வெள்ளிக்கிழமை காலை எட்டேகாலுக்கு ஷபீனாவின் அழைப்பு வந்தது. "அம்மா மவுத்தாயிட்டாங்க மாஷே" என்றாள். ஃபோனை வைத்ததும் நான் செய்த முதல் காரியம், நேரத்தை நோட்டில் குறித்துக்கொண்டது. பிறகு வெட்கமாக இருந்தது. ஆனால் பதினோரு வருடங்களாக நானும் அவளுடைய அம்மாவும் செய்த வேலையே அதுதான். எது, எங்கே, எத்தனை மணிக்கு.

மறைந்தவர் மெகருன்னிசா. பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்த மெகரக்கா. இதைப் படிப்பவர்களில் சிலர் கருகிப்போன பம்ப்செட் மோட்டாரை அவரிடம் கொடுத்து வாங்கியவர்கள். வேறு சிலர், கடை மாடியிலிருந்து அவர் அளந்து உலகச் சிறுகோள் மையத்துக்கு அனுப்பிய சிறுகோள்களின் இடங்களைக் கணினித் திரையில் மட்டும் பார்த்தவர்கள். இருவருக்கும் பொதுவாக எழுத நான் தகுந்தவனா என்று தெரியவில்லை. பக்கத்துச் சித்தூர் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான், அதனால் ஊருக்கு மாஷ். அவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். இருந்தும் ஊரோடு சேர்ந்து நானும் அக்கா என்றுதான் சொல்லிவந்தேன்.

ஷபீனா இன்னொன்றும் சொன்னாள். "விடியறதுக்கு முன்னால படம் எடுத்தாங்க. ஒக்காந்து அளந்துட்டு, டீ குடிச்சிட்டுப் படுத்தாங்க. எல்லாம் மேசைமேல அப்பிடியே கெடக்குதுங்க. அதை அனுப்பறதா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லோணும்."

அவர் படம் எடுத்தது, முதல் நாள்தான் எங்கோ ஒரு தொலைநோக்கியில் சிக்கிய புதிய சிறுகோளை. பூமிக்குப் பக்கமாக வந்து போகிறவற்றுள் ஒன்று. இப்படிப்பட்டதை அடுத்த நாளே யாராவது பார்த்து இடத்தைச் சொல்லாவிட்டால் பாதை பிடிபடாது, கல் தொலைந்துபோகும். பாலக்காட்டில் உள்ள வானியல் நண்பர் ஒருவருக்குச் சாவுச் செய்தியைச் சொல்லும்போது இதையும் சொன்னேன். "விட்டுடுங்கோ சார்" என்றார். "உடம்பு முடியாம இருந்தவா. கண்ணு மங்கியிருக்கும். கடைசியா தப்பா ஒண்ணு போய் அவா பேரு கெட வேண்டாம்." பார்க்கலாம் என்றேன். மறுத்துப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை.

நான் மெகரக்காவை முதலில் பார்த்தது ஒரு வாடிக்கையாளனாக. ஓய்வுக்குப் பின் பழைய தொலைநோக்கி ஒன்று வாங்கியிருந்தேன். நட்சத்திரங்களின் நகர்வுக்கு ஈடாக அதைத் திருப்பும் சிறிய மோட்டார் கருகிப்போயிருந்தது. மூன்றாம் நாள் அவர் சரிசெய்து ஓட்டிக் காட்டினார். பல்சக்கரங்களின் முடிவில் இருந்த தண்டு அசைவதே தெரியவில்லை.

"ஏனுங்க மாஷே, இத்தன மெதுவாச் சுத்தறதை நான் பார்த்ததே இல்லீங்க. இது என்னத்தை அரைக்கறதுக்குங்க?"

வானத்தைப் பார்ப்பதற்கு என்றேன். கடை மூடும் நேரத்தில் விவரம் கேட்டார், நான் சொன்னேன். ஒரே பரப்பைச் சிறிது இடைவெளி விட்டு நான்கு படம் எடுக்க வேண்டும். நட்சத்திரங்கள் இருந்த இடத்தில் இருக்கும், ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருக்கும். அந்தப் புள்ளியின் இடத்தை அளந்து, மையத்தின் கணக்கு முன்கூட்டிச் சொன்ன இடத்தோடு ஒப்பிட்டால் கிடைப்பது விலகல். அடுத்த மாதமே தொலைநோக்கி என் வீட்டிலிருந்து அவர் கடை மாடிக்கு ஏறிவிட்டது. கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வரும் காற்றில் அது ஆடாமலிருக்க, பழைய மோட்டார்க் கூடுகளில் மணல் நிரப்பித் தாங்கியைச் சுற்றி அடுக்கினார். அளப்பது அவர், கணக்குப் பார்த்து அனுப்புவது நான் என்று ஏற்பாடு.

ஊர் சும்மா இருக்கவில்லை. பூமிமேல் கல் விழப்போகிறது என்று ஒரு வீடியோ எல்லார் ஃபோனிலும் சுற்றிய வாரம், எதிர் டீக்கடையிலிருந்து ஒருவர் கத்தினார். "மெகரக்கா, அந்தக் கல்லு எங்க மாமியா ஊட்டு மேல உழுகுமா? பார்த்துச் சொல்லுங்க!"

"உங்க மாமியாளுக்கு அந்தக் குடுப்பினையெல்லாம் இல்லீங்க. உங்களை மருமகனா வெச்சு அனுபவிச்சுட்டுத்தான் போகோணும்."

தயாரான மோட்டார்களின் பெயரெழுதும் பலகையில் அந்த வாரம் முழுவதும் மேல்வரியாக, "கல் விழாது. மோட்டார் நாளைக்கு ரெடி" என்று எழுதி வைத்திருந்தார்.

இனி, என் தவறு. அதைச் சொல்லாமல் இந்த அஞ்சலி நேர்மையாகாது.

நாங்கள் வேலை தொடங்கிய மூன்றாம் வருடம் இதே போல ஒரு புதிய கல். மேகங்களுக்கு இடையில் அவர் நான்கு படங்கள் பிடித்து அளந்து கொடுத்தார். விலகல் மிகப் பெரிதாக வந்தது. கணினியின் கடிகாரத்தைச் சோதித்தேன், சரியாக இருந்தது. என் கணக்கை இரண்டு முறை போட்டேன், சரியாக இருந்தது. அப்படியும் நான் அனுப்பவில்லை. கொல்லங்கோட்டுக் கடை மாடியிலிருந்து போகிற எண்ணைப் பார்த்து உலகமே சிரிக்கும் என்று தோன்றியது. அவரிடம், "மேகம், சரியாக வரவில்லை" என்று பொய் சொன்னேன். அன்று வேறு யாருக்கும் அந்தக் கல் கிடைக்கவில்லை. கணக்கு சொன்ன இடத்தில் மறுநாள் தேடியவர்களுக்கு வெறும் வானம்தான் கிடைத்தது. ஐந்தாம் நாள் மையம் அதைத் தொலைந்ததாக அறிவித்தது. அதற்குப் பிறகு எங்கள் எண்களை அனுப்பிப் பயனில்லை. கல் சூரிய வெளிச்சத்துக்குள் போய்விட்டது.

கடைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. சுற்று எண்ணிக்கை முடிந்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"கணக்கு சொன்ன எடத்துல அது இல்லைன்னா, தப்பு கணக்கு மேல தானுங்க மாஷே. கல்லு மேல இல்லீங்க. என் கண்ணு மேலயும் இல்லீங்க."

"நம் எண் தவறாக இருந்திருந்தால்?"

"தப்புன்னு அவங்க சொல்லட்டுமுங்க. அதைச் சொல்றதுக்காச்சும் அவங்க நம்மளதப் படிக்கோணுமில்ல?"

அன்றிலிருந்து ஒரு புதிய முறை வந்தது. தொலைநோக்கியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று மட்டும் நான் சொல்வேன். அந்தப் பரப்பில் கல் எந்தப் புள்ளியில் இருக்கும் என்ற முன்கணிப்பு, இருவரும் பார்க்காமல் அச்சிட்ட தாளில் இருக்கும். தாளை மேசையில் கவிழ்த்து, மேலே செம்புக் கம்பி உருளை ஒன்றை வைத்துவிடுவார். அளந்ததை மையால் எழுதி, அனுப்பியும் முடித்த பிறகுதான் தாளைத் திருப்பலாம். "பார்க்கறதுக்கு முன்னாலயே பதிலைத் தெரிஞ்சுட்டா, கண்ணு அதுக்குத் தக்கன நடிக்குமுங்க" என்பார்.

பாலக்காட்டில் நடந்த ஒரு கூட்டத்தில் எங்கள் வேலையைப் பற்றிப் பேச என்னை அழைத்தார்கள். நாங்கள் சாதாரணமானவர்கள், பிழைகள் நிறைய இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று தொடங்கினேன். முன்வரிசையில் இருந்த அறிஞர் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டார். பட்டறை மாடிகளிலிருந்து வருகிற அளவுகளை எப்படி நம்புவது என்று கேட்டார். நான் கையிலிருந்த தாள்களைப் புரட்டினேன். பின்வரிசையிலிருந்து மெகரக்கா எழுந்தார்.

"எங்க தப்பு எவ்வளவு இருக்கலாம்னு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல எழுதியிருக்கறோமுங்க. நீங்க அரை மணி நேரம் பேசினீங்க. உங்க தப்பு எவ்வளவுன்னு ஒருக்காக்கூடச் சொல்லலியேங்க?"

வரும்போது பஸ்ஸில் என்னையும் விடவில்லை. "இனிமே மன்னிப்புல ஆரம்பிக்காதீங்க மாஷே. தப்புப் பண்ணினதுக்கப்பறம் கேட்டாப் போதும்."

போன வருடம் கோயம்புத்தூர் மருத்துவமனையில் ஒரு உறையைக் கொடுத்தனுப்பினார்கள். அம்மா இன்னும் எவ்வளவு காலம் இருப்பார் என்று அதற்குள் எழுதியிருப்பதாக ஷபீனா அழுதுகொண்டே சொன்னாள். மெகரக்கா உறையை என்னிடம் நீட்டினார். "இதுவும் முன்கணிப்புத்தானுங்க. கவுத்து வெய்ங்க." வைத்தேன். உருளைக்கு அடியில், சிறுகோள் தாள்களோடு. அவர் அதைத் திறக்கவே இல்லை. அதற்கும் தனக்கும் சம்பந்தமில்லாததுபோல மோட்டார் சுற்றினார், படம் எடுத்தார், டீக்கடைக்காரர்களை வாரினார்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்தது. பள்ளிவாசல் கபர்ஸ்தானிலிருந்து நேராகக் கடைக்குப் போனேன். ஷபீனா கதவைத் திறந்துவிட்டாள். மேசையில் நோட்டு, மையால் மூன்று வரிகள், திரையில் நான்காவது படம் அளக்கப்படாமல். முன்கணிப்புத் தாள் கவிழ்ந்தபடி, அதன்மேல் செம்பு உருளை.

என் கை தாளை நோக்கிப் போனதை மறைக்க மாட்டேன். ஒரு பார்வை பார்த்தால் போதும், அனுப்புவதா வேண்டாமா என்று தெரிந்துவிடும். நண்பர் சொன்னபடி அவர் பெயரைக் காப்பாற்றவும் செய்யலாம்.

"திருப்பாதீங்க மாஷே" என்றாள் ஷபீனா.

கையை எடுத்துக்கொண்டேன். நாற்காலியில் உட்கார்ந்து நான்காவது படத்தை நானே அளந்தேன். பதினோரு வருடத்தில் முதல் தடவை. என் கண்ணை நம்பாமல் மூன்று முறை அளந்தேன், மூன்றும் ஒன்றாக வந்தன. அவருடைய மூன்று வரிகளுக்குக் கீழே என்னுடையதை எழுதினேன். நான்கு புள்ளிகளும் ஒரே நேர்க்கோட்டில், ஒரே வேகத்தில் போயின. அவருடைய கண் மங்கவில்லை. அவர் பெயரை முதலிலும் என் பெயரை அடுத்தும் போட்டு அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் தாளைத் திருப்பினேன். விலகல் பெரிதாக இருந்தது. அந்தப் பழைய கல்லின் விலகலைவிடவும் பெரிது.

நண்பர் மறுபடி அழைத்தார். எவ்வளவு விலகல் என்று சொன்னேன்.

"ஐயோ, அத்தனையா? எழுதித் திரும்ப வாங்கிக்கோங்கோ சார். இப்பவும் நேரம் இருக்கு."

"மாட்டேன்" என்றேன்.

ஆயுளில் அந்தச் சொல்லை நான் அதிகம் சொன்னதில்லை. தவறென்றால் அவர்கள் சொல்லட்டும். அன்று விடியலுக்கு முன் அந்தக் கல் எங்கே இருந்தது என்று கொல்லங்கோட்டில் ஒருவர் பார்த்து, மையால் எழுதிவைத்துவிட்டுப் போனார். அதை நான் திருத்த மாட்டேன்.

அவருடையவற்றில் நான் கேட்டு வாங்கிக்கொண்டது அந்தச் செம்பு உருளையை மட்டும்தான். மருத்துவமனை உறை ஒட்டியபடியே அதன் அடியில் இருக்கிறது, யாரும் அதைப் படிக்கப்போவதில்லை. கடை மாடியிலிருந்து தொலைநோக்கியை இறக்கவில்லை. இனி அளக்கப்போவது நான். தாளைக் கவிழ்த்து வைக்க ஷபீனா இருக்கிறாள்.