பூஜையில் வைத்த தோல்

அறுபதுகளில் வல்லத்திராக்கோட்டைப் பக்கம் கடலைக்கு மருந்தடிக்க வந்த சின்ன விமானத்துக்கு நான்தான் பெட்ரோல் ஊற்றுவேன். ஊரில் யாராவது கேட்டால் "பிளேன் உத்தியோகம்" என்று கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன். விமானம் ஓட்டியவர் என்னைவிட ஏழு வயது இளையவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். குழம்பில் காரம் கூடிவிட்டால் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இன்னொரு கரண்டி கேட்கிற மனுஷர். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

டிரம்மிலிருந்து பெட்ரோல் ஊற்றும்போது ஒரு மெல்லிய தோலில் வடிகட்ட வேண்டும். அந்தத் தோல் பெட்ரோலை விடும், தண்ணீரை விடாது. புறப்படுவதற்கு முன் அவர் டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் பிடித்து, தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். தோலும் புட்டியும்தான் அவர் உயிருக்குக் காவல்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஸ்பேனர், தோல், புட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துப் படைத்தேன். படைத்ததை மறுநாள் காலைவரை தொடவே கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அன்றைக்கு வேலை இருக்காது என்றுதான் நினைத்திருந்தேன். நாலு மணிக்கு அவர் வந்து நின்றார்.

"புழுவுக்கு லீவு இல்லண்ணே. ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வந்துர்றேன்."

தோலை எடுக்க எனக்குக் கை வரவில்லை. புது வேட்டியைக் கிழித்து, நாலாக மடித்து வடிகட்டினேன். முந்தின நாள் தூறல் டிரம் மூடியில் தேங்கி உள்ளே இறங்கியிருந்தது எனக்குத் தெரியாது. கை நிறையப் பொரியோடு அவர் புட்டியைத் தேடினார்.

"நான் பாத்துட்டேன் சார்" என்றேன். பார்க்கவில்லை.

விமானம் கண்மாய்க்கு மேலே போனபோது சத்தம் நின்றது. ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று இன்றுவரை தெரியாது. நான் போய்ச் சேர்ந்தபோது, தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் ஒரு சக்கரம் மடங்கி விமானம் சாய்ந்து நின்றது. அவர் கரையில் உட்கார்ந்து, ஆடு மேய்க்கிற அம்மாள் கொடுத்த நீச்சத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார். உயிரோடு பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சத்தமே இல்லாம வந்துச்சுங்க. ஆடு ஒண்ணுகூடத் தலையத் தூக்கல. நான்தான் கத்தி அங்கிட்டு வெரட்டுனேன்" என்றாள் அந்த அம்மாள்.

"தோல்ல வடிச்சீங்களாண்ணே?" என்று கேட்டார் அவர்.

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்தவர், "அது புது வேட்டியாச்சேண்ணே" என்றார். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இரண்டாம் நாள் விசாரணைக்குப் பெரிய இன்ஜினியர் வந்தார். "கிளம்புறதுக்கு முன்னாடி நான் பார்த்திருக்கணும். பார்க்கல. என் தப்பு" என்று விமானம் ஓட்டியவரே முடித்துவிட்டார். தோல், வேட்டி, நான், எதுவும் அதில் வரவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு வேலை இருக்கும். வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். ஆனால் அவரை இனிமேல் பறக்கவே விடமாட்டார்கள் என்று இன்ஜினியரின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"பாத்துட்டேன்னு பொய் சொன்னது நான் சார்" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "ஒங்கள யாருண்ணே கேட்டா?" என்று கத்தினார்.

அவரை ஒரு மாதம் பறக்க விடாமல் தரையில் உட்கார வைத்தார்கள். என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். திருக்கோகர்ணத்தில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு முதல் நாள் அவர் கடை வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் புது வேட்டி. இன்னொரு கையில் காகிதத்தில் சுற்றிய பொட்டலம்.

"இப்ப ரெண்டு தோல் வாங்கி வச்சிருக்கேண்ணே. ஒண்ணு சாமிக்கு, ஒண்ணு எனக்கு. மேல பேசிட்டேன். நாளைக்கு வேலைக்கு வாங்க."