கையிருப்பு இல்லாத தாய்மாமன்

சேலை வியாபாரம்தான் பார்க்கிறேன். ஆனால் விற்பதற்கென்று ஒரு சேலைகூட என் வீட்டில் கிடையாது. இதைச் சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

முன்பு இருந்தது. ஈப்போவில் தீபாவளிச் சந்தைக்கு வருடாவருடம் கூடாரம் போட்டவன் நான். ஒரு வருடம் சந்தை நடந்த நாளெல்லாம் சாயங்காலமானால் மழை. விற்காத மூட்டைகள் வீட்டுக்கு வந்தன. கட்டிலுக்கு அடியில், அலமாரிக்கு மேல், கடைசியில் சாமி அறை வாசல் வரைக்கும் சேலை மூட்டை. அடுத்த தீபாவளிக்குப் பிரித்துப் பார்த்தால் பாதியில் பூஞ்சை, மீதியில் போன வருடத்து டிசைன். நம் பெண்களிடம் பூஞ்சையைக்கூடப் பேசிச் சமாளித்துவிடலாம். போன வருடத்து டிசைனைச் சமாளிக்க முடியாது. அன்றோடு சரக்கு என்ற சொல்லே எனக்குக் கசந்துவிட்டது.

இப்போது எல்லாம் கைப்பேசியில். கிள்ளானில் ஒரு மொத்த வியாபாரி இருக்கிறார். நேரில் பார்த்ததில்லை. அவர் படம் அனுப்புவார், நான் என் இணையப் பக்கத்தில் போடுவேன். யாராவது ஆர்டர் கொடுத்தால் முகவரியை அவருக்குத் தட்டிவிடுவேன். சேலை கிள்ளானிலிருந்து நேராக வாங்கியவர் வீட்டுக்குப் போய்விடும், என் விரல்கூட அதன்மேல் படாது. டிராப்ஷிப் என்கிறார்கள். விலை கூடிய பட்டுக்கு மட்டும் முன்பதிவு. பத்துப் பேர் சேர்ந்த பிறகுதான் இந்தியாவிலிருந்து வரவழைப்போம். மூட்டை இல்லை, பூஞ்சை இல்லை, மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பதும் இல்லை.

புகார் வராமல் இல்லை. "படத்துல மஞ்சளா இருந்துச்சுலா அண்ணே, வந்தது வேற மாதிரி இருக்கு" என்பார்கள். "லைட்டிங்தான் அக்கா, கட்டிப் பாருங்க, அழகா இருக்கும்" என்று ஒரு பதிலைக் கைப்பேசியில் அடித்தே வைத்திருந்தேன். பாதிப் பேர் அதோடு விட்டுவிடுவார்கள். மீதிப் பேர் வேறு ஆளிடம் வாங்கப் போய்விடுவார்கள். இதில் எனக்குப் பெரிய வருத்தம் எதுவும் இருந்ததில்லை.

போன வருடம் அக்காள் மகள் பெரியவளானாள். அக்கா இருப்பது பாகான் டத்தோவில், மச்சான் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் மேற்பார்வை. நாங்கள் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அது இப்போது வீடமைப்புத் திட்டம். அப்பா அம்மா இல்லை. ஆகவே அக்காவுக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள நான் ஒருவன்தான். சடங்கில் தண்ணீர் ஊற்றி முடிந்ததும் பெண் உடுத்த வேண்டியது தாய்மாமன் தட்டில் கொண்டுவரும் சேலை. மச்சானுக்கு மூன்று அக்காமார். மூவருக்கும் கண் கூர்மை. அக்காவின் கௌரவம் அந்த ஒரு தட்டில்தான் இருந்தது. எனக்கு அது தெரியாமல் இல்லை.

தெரிந்தும் செய்தேன். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட ஒரு பட்டைக் கிள்ளான்காரர் படத்தில் பார்த்தேன். வழக்கம்போல முகவரி கேட்டார். ஈப்போவுக்கு வந்து, அங்கிருந்து நான் தூக்கிக்கொண்டு போவானேன் என்று அக்காவின் முகவரியையே தட்டிவிட்டேன். அக்காவுக்கும் போன் போட்டுச் சொன்னேன்.

"சேலை கொரியர்ல நேரா ஒங்க வீட்டுக்கே வந்துரும்க்கா."

அந்தப் பக்கம் அக்கா அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"நீ வரும்போது கொண்டாரலாமே, தம்பி."

"நேரா வந்தா ரெண்டு நாள் மிச்சம்லா அக்கா."

"சரி" என்றாள். என் அக்கா எதையும் இரண்டாம் முறை கேட்கிறவள் இல்லை.

சடங்கன்று காலையில் என் மனைவி பழம், பூ, வளையல், இனிப்பு என்று தட்டுகளைக் காரில் அடுக்கினாள். சிம்பாங் பூலாய் தாண்டிய பிறகுதான் சேலை எங்கே என்று கேட்டாள். சொன்னேன். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தாய்மாமன் சேலையவா போஸ்ட்ல போட்டீங்க?"

"போஸ்ட் இல்ல, கொரியர்."

தெலுக் இந்தானில் ஒரு துணிக்கடை திறந்திருந்தது. நிறுத்துங்கள், வேறொரு சேலை எடுத்துவிடலாம் என்றாள். அதுதான் போய்ச் சேர்ந்துவிட்டதே, எதற்கு இரண்டு என்று நான் வண்டியை நிறுத்தவில்லை. அதன்பிறகு பாகான் டத்தோ வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

சடங்கு பாலாய் ராயாவில், அதாவது ஊர்ப் பொது மண்டபத்தில். நாங்கள் போனபோது தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா எங்களைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனாள். மேசையில் பித்தளைத் தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, அதன்மேல் சாம்பல் நிறக் கொரியர் பை. பிரிக்கவே இல்லை.

"மாமன் குடுக்குறத நான் பிரிக்கக் கூடாது. நீயே பிரி" என்றாள்.

பிரித்தேன். உள்ளே பிளாஸ்டிக் உறைக்குள் கருநீலம். கருநீலம் என்பது நான் மரியாதைக்குச் சொல்வது. அந்த அறையின் வெளிச்சத்தில் அது கறுப்புத்தான். மேலே ஒரு சீட்டு: கேட்ட நிறம் முடிந்துவிட்டது, அதே டிசைனில் வேறு நிறம் அனுப்பியிருக்கிறோம், ஐந்து நட்சத்திரம் கொடுத்து ஆதரியுங்கள்.

"லைட்டிங்தான்க்கா" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மனைவி தலையில் கையை வைத்துக்கொண்டாள். சுப காரியத்துக்குக் கறுப்பு, அதுவும் மாமன் கையால். அக்கா என்னைப் பார்த்தாள். வெளியிலிருந்து மச்சானின் மூத்த அக்கா குரல் கொடுத்தார்.

"என்னா, மாமன் சேல வந்துச்சா இல்லியா? புள்ள ஈரத்தோட நிக்குதுலா."

"இதோ வாரோம் அண்ணி" என்றாள் அக்கா.

பேசிக்கொண்டே அறை மூலையில் கிடந்த தன் துணிப்பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள். கருநீலத்தைக் கொரியர் பையோடு சுருட்டி மேசைக்கு அடியில் தள்ளினாள். பெட்டியைத் திறந்து ஒரு சேலையைத் தட்டில் வைத்தாள். இளஞ்சிவப்பு, பச்சைக் கரை. என் கை தானாகப் போய் அதைத் தொட்டது. நல்ல பட்டு. பல மாதங்களுக்குப் பிறகு நான் கையால் தொட்ட முதல் புதுச் சேலை அதுதான். தட்டைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.

"போ. நேரமாவுது."

போனேன். மேளம் வாசித்தார்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு சனங்களுக்கு நடுவே நடந்தேன், படம் எடுத்தார்கள், மூன்று அண்ணிமாரும் கரையைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஒருத்தர், "கை தேர்ந்த யாவாரின்னா சும்மாவா" என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பெண் உடுத்திக்கொண்டு வந்து மணையில் உட்கார்ந்தாள். நான் மாலை போடக் குனிந்தபோது மெதுவாகக் கேட்டாள்.

"மாமா, எனக்கு பிங்க்தான் பிடிக்கும்னு எப்டித் தெரியும்?"

அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

"தெரியும்லா" என்றேன். என் வியாபாரத்தில் நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அந்தப் பொய்க்குத்தான் வெட்கப்பட்டேன்.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது அக்கா கார் வரைக்கும் வந்தாள். மீந்த கோழிப் பிரட்டலை ஒரு டப்பாவில் போட்டு என் மனைவிக்கென்று கொண்டுவந்திருந்தாள். அந்தச் சேலைக்கு ஆன பணத்தைக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். காது கேட்காதவள்போல டப்பாவின் மூடியை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"எப்பக்கா வாங்குனே?"

பார்சல் கைக்கு வந்தபிறகு, பையைப் பார்த்துச் சந்தேகப்பட்டு வாங்கியிருப்பாள் என்றுதான் நினைத்தேன்.

"கொரியர்ல வரும்னு நீ போன் போட்டியே, அன்னிக்கு சாயந்தரமே கடைக்குப் போய் எடுத்துட்டேன்" என்றாள். "நீ பாத்து ஓட்டிக்கிட்டுப் போ."