மூன்று செகண்டு

இது நடந்தது. பேய்க் கதை சொல்கிற எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் மாணிக்கவாசகத்தின் கிரீஸ் படிந்த நோட்டில் தேதி, மணி, செகண்டு எல்லாம் அவன் கையெழுத்திலேயே இருக்கின்றன. அதைப் பார்த்த பிறகு நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மாணிக்கவாசகம் மலாக்காவில், காஜா பெராங்கில் கார் பட்டறை வைத்திருந்தான். வருஷம் ஐம்பத்தேழு, ஆகஸ்டு மாதம். ஊரெல்லாம் மெர்டேக்கா, அதாவது சுதந்திரப் பேச்சு. அவன் தங்கை ஜெயாவின் புருஷன் கருணாகரன், கோலாலம்பூரில் கொடியேறுவதைக் கண்ணால் பார்த்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். ஜெயாவையும் நாலு வயது மகள் சீதாவையும் சொந்தக் காரில் கூட்டிப் போக வேண்டுமாம். விலைக்கு வந்தது ஒரு சின்னச் சீமைக் கார்.

“நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா எடுக்குறேன் மச்சான். இல்லன்னா பஸ்ஸுதான் லா.”

அந்த ஒரு வார்த்தையில் மூன்று உயிர் இருந்தது. மாணிக்கவாசகம் விளையாட்டுக்குக்கூட ஒரு வண்டியைச் சரி என்று சொல்லாதவன்.

1172 சி.சி., நாலு சிலிண்டர், முப்பத்தாறு குதிரைச் சக்தி. அதோடு நின்றிருந்தால் வம்பில்லை. பழைய சொந்தக்காரர் அதில் ஒரு புளோவர் பூட்டியிருந்தார். பெல்ட்டில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை நெட்டித் தள்ளும் பெட்டி அது. முப்பத்தாறு குதிரை ஐம்பதாகிவிடும். ஆனால் காற்று அளவுக்கு மிஞ்சினால் இன்ஜின் ‘டக் டக்’ என்று நாக்கிங் அடிக்கும். கவனிக்காமல் விட்டால் பிஸ்டனில் ஓட்டை விழும், நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

காரை விற்றவள் மீனாச்சி. பக்கத்துச் செட்டிக் கம்போங்கில், செட்டிகளின் குடியிருப்பில், இருக்கும் விதவை. மலாக்கா செட்டிகளுக்குப் பெயர் தமிழ், சாமி தமிழ், பேச்சு மட்டும் மலாய். நம் பாஷையில் அவர்களிடம் நாலைந்து வார்த்தைதான் மிச்சம். சாவியைக் கொடுக்கும்போது அவள் அதில் ஒன்றைச் சொன்னாள்.

“இனி கெரெத்தா அடா காத்து, தாவ்?”

இந்தக் காரில் காத்து இருக்கிறது, தெரியுமா என்றாள்.

“தாவ், தாவ்,” என்று மாணிக்கவாசகம் சிரித்தான். புளோவர் இருந்தால் காத்து இல்லாமலா?

அவள் சிரிக்கவில்லை.

“கெத்தோக் டூலு. தீகா காலி. பாரு மாசோக்.”

தட்டுவதற்கு மலாயில் கெத்தோக். பட்டறைக்காரர்கள் இன்ஜின் நாக்கிங்கையும் அப்படித்தான் சொல்வார்கள். மாசோக் என்றால் நுழைவது. கியர் விழுந்தாலும் மாசோக்தான். அவன் நோட்டில் எழுதிக்கொண்டான்: ‘முதலில் மூன்று நாக்கிங். பிறகுதான் கியர் விழும்.’

காரின் டேஷ்போர்டுக்குள் ஒரு தாள் இருந்தது. மீனாச்சியின் புருஷன் ராமச்சந்திரன் எழுதி வைத்தது. நின்ற இடத்திலிருந்து அறுபது மைல் வேகம் பிடிக்க, தனியாக இருபத்து நாலு செகண்டு. கூட ஒரு ஆள் ஏறினால் இருபத்தேழு. ஆளுக்கு மூன்று செகண்டு. தன்னைப் போலவே ஒரு ஆள் என்று மாணிக்கவாசகத்துக்கு அவரைப் பிடித்துப்போனது.

ஆகஸ்டு 27, சாயங்காலம் 5.15. பத்து பெரெண்டாம் நேர்ரோடு. பக்கத்தில் கருணாகரன். இருபத்தேழு வரவேண்டும். முப்பது வந்தது.

பெல்ட் நழுவுகிறது என்று நினைத்தான். புது பெல்ட் போட்டான். பிளக் இடைவெளியைச் சரிபார்த்தான். கார்புரேட்டரைக் கழுவினான்.

ஆகஸ்டு 28, பகல் 12.10. தனியாகப் போனான். இருபத்து நாலு வரவேண்டும். இருபத்தேழு வந்தது.

மறுபடியும் அதே மூன்று செகண்டு. இன்ஜின் கோளாறு என்றால் ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும். இது தராசில் நிறுத்த மாதிரி இருந்தது. அந்த மூன்று செகண்டு எங்கே போகிறது என்று தெரியாமல் ஜெயாவை இதில் ஏற்ற அவனுக்கு மனசு வரவில்லை.

வேறு சில சில்லறை விஷயங்களும் உறுத்தின. இடது சீட்டில் சாம்பிராணி வாசம். சீட்டு மடிப்பில் காய்ந்த சோற்றுப் பருக்கை. வெறும் வண்டி, ஆனால் இடது பக்கம் ஒரு இஞ்சு தாழ்ந்து நின்றது. மீனாச்சி சொன்ன நாக்கிங்கோ வரவே இல்லை. கியர் வெண்ணெயாக விழுந்தது.

அன்றைக்கே சாயங்காலம் 6.38. குருபோங் பக்கம் ரப்பர் மரங்களுக்கு நடுவே கடைசியாக ஒரு ஓட்டம். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.

6.47. இருபத்தேழு.

6.49. டக்... டக்... டக்.

அப்பாடா, வந்துவிட்டது நாக்கிங் என்று சந்தோஷப்பட்டான். சரியாக மூன்று.

ஆனால் சத்தம் பானெட்டிலிருந்து வரவில்லை.

ஏழாம் கட்டை மைல்கல் அருகே நிறுத்தினான். இன்ஜினை அணைத்தான். இறங்கிப் பானெட்டைத் திறந்தான்.

ஸ்ஸ்ஸ்... ஹ்ஹ்... ஸ்ஸ்ஸ்...

புளோவர் ஊதிக்கொண்டிருந்தது.

இன்ஜின் ஓடவில்லை. பெல்ட் சுழலவில்லை. பெல்ட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தான். அசையவில்லை.

ஸ்ஸ்ஸ்... ஹ்ஹ்...

கண்ணாடி வழியே உள்ளே பார்த்தான். காற்றழுத்த முள் ஐந்துக்கு ஏறியது. இறங்கியது. ஏறியது.

யாரோ மூச்சு விடுவது மாதிரி...

டக்... டக்... டக்.

இடது கதவு. உள்பக்கம்.

அவன் கை தானாகப் போனது. கதவைத் திறந்தது.

சீட்டு காலி.

ஆனால் ஸ்பிரிங் ‘க்ரீக்’ என்றது. வண்டியின் இடது பக்கம் மெதுவாக... ஒரு இஞ்சு உயர்ந்தது.

மூச்சுச் சத்தம் நின்றுபோனது.

6.53. கதவை அறைந்து சாத்தினான். ஓட்டினான். திரும்பியே பார்க்கவில்லை. பயத்திலும் அந்தப் பாழாய்ப்போன பழக்கம் விடவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

இருபத்து நாலு.

மறுநாள் கருணாகரன் வந்து நின்றபோது மாணிக்கவாசகத்துக்கு எல்லாம் வாய் வரை வந்தது. சொல்லவில்லை. பிளக்கும் பெல்ட்டும் பேசுகிற வாயால் பேய் என்று சொல்ல வெட்கம். அதோடு அந்த எண் வேறு அவ்வளவு அழகாகச் சரியாக இருந்தது.

“சரி மாப்ள,” என்றான்.

30-ம் தேதி காலை 6.20-க்குக் கார் கிளம்பிப் போனது. சாயங்காலம் 5 மணிக்கு இன்னொரு சாவியை வாங்க மீனாச்சி வீட்டுக்குப் போனான். ஏறும்போதெல்லாம் தட்டல் உண்டா என்று அவள் மலாயில் கேட்டாள். இன்ஜின் தட்டவே இல்லையே என்றான்.

“அது இல்லை, நீ! நீ தட்டினாயா?”

செட்டிகள் இறந்தவர்களுக்கு இலை போட்டுப் படைப்பார்கள். படைத்த அறையைச் சாத்திவிட்டு, மறுபடி திறக்கும் முன் மூன்று தடவை தட்டுவார்கள். உள்ளே சாப்பிடுகிறவர் எழுந்து போக அவகாசம். ராமச்சந்திரனுக்கு உயிர் அந்தக் கார்மேல்தான். அதனால் மீனாச்சி இரண்டு வருஷமாக இடது சீட்டில்தான் இலை போட்டு வந்தாள். முதலில் தட்டு, மூன்று தடவை, பிறகு ஏறு. அவள் சொன்னது அவ்வளவுதான்.

காத்து என்றாளே... புளோவரையா சொன்னாள்? காத்து கருப்பு என்று நாம் சொல்லும் காத்து. தமிழ்நாட்டு வம்சத்தில் பிறந்தவனுக்கு அவள் அதைத் தமிழில் சொல்லியும் விளங்கவில்லை.

“அவரை எங்கேயும் இறக்கிவிடவில்லையே?” என்று கேட்டாள்.

“குருபோங். ஏழாம் கட்டை.”

“அங்கேயா?” என்றாள் மீனாச்சி. ராமச்சந்திரன் வண்டி நின்றுபோய், பானெட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது லாரி அடித்த இடம் அது. அவள் வீட்டார் யாரும் அங்கே வண்டியை நிறுத்துவதே இல்லை.

ஜெயா போன ரோடும் அதுதான். தகவல் சொல்ல வழியில்லை. மறுநாள் ஊரே ரேடியோ முன்னால் உட்கார்ந்து சுதந்திரம் கேட்டது. மாணிக்கவாசகம் பட்டறை வாசலில் கார் சத்தத்துக்குக் காது கொடுத்து நின்றான். தான் சொன்ன ‘சரி’யை நினைத்து நினைத்து நொந்தான்.

செப்டம்பர் 1, சாயங்காலம் 5.10. கார் வந்து பட்டறைக்குள் நின்றது. மூன்று பேரும் முழுசாக இறங்கினார்கள். அவன் சீதாவைத் தூக்கிக்கொண்டு அழுதுவிட்டான்.

“என்னண்ணே இது, சின்னப் பிள்ளை மாதிரி?” என்று ஜெயா சிரித்தாள். “இவளப் பாருங்க. குருபோங்லேர்ந்து பின்சீட்டு மூலையிலயே ஒட்டிக்கிட்டு வந்தா. நகந்து உக்காருன்னா எடமில்லங்கிறா.”

மாணிக்கவாசகம் பிள்ளையை இறக்கிவிட்டான்.

“குருபோங்ல நின்னீங்களா?”

“வர்றப்ப ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்த மச்சான். ஏழாம் கட்டை,” என்றான் கருணாகரன். “அதுக்கப்புறம் இழுவையே இல்ல லா. டைம் பாத்தேன். போறப்ப இருபத்தெட்டு, சீதாவுக்கு ஒண்ணுதான் கூடுச்சு. வர்றப்ப முப்பத்து நாலு.”

ஆளுக்கு மூன்று செகண்டு.

கூடியது ஆறு.

அவர்களை வீட்டுக்கு அனுப்பினான். 5.31-க்குக் காரின் பின்கதவில் தட்டினான்.

டக். டக். டக்.

கதவைத் திறந்தான். க்ரீக்... வண்டி ஒரு இஞ்சு உயர்ந்தது. சாம்பிராணி வாசம் அவனைத் தாண்டி வெளியே போனது. மூச்சு விட்டான்.

க்ரீக்...

மறுபடி ஒரு இஞ்சு உயர்ந்தது.

இந்தத் தடவை வாசம் எதுவும் வரவில்லை. வெளியேயும் எதுவும் போகவில்லை.

விடிந்ததும் மீனாச்சியிடம் ஓடினான். அவள் முகம் தெளிந்திருந்தது. அவர் நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார், விளக்குச் சுடர் மூன்று தடவை தலையசைத்தது என்றாள். ஒருவரா, இரண்டு பேரா என்று கேட்டான்.

ஒருவர்தான்.

அப்புறம்தான் அவள் மிச்சத்தைச் சொன்னாள். லாரி அடித்தது இரண்டு பேரை. இன்னொருவன், நின்ற காரைத் தள்ளிவிட உதவிக்கு வந்த யாரோ ஒரு வழிப்போக்கன். என்ன பேர், எந்த ஊர், எந்த மதம், ஒன்றும் தெரியாது. உடலைக் கேட்டு யாரும் வரவில்லை. இரண்டு வருஷமாக அவனுக்கு யாரும் ஒரு இலை போட்டதுமில்லை.

மாணிக்கவாசகம் அன்று 8.05-க்குப் பட்டறைக்குத் திரும்பினான். முந்திய நாள் சாயங்காலம் அவனே பூட்டிய பூட்டு அப்படியே தொங்கியது. முதலில் தட்ட வேண்டும் என்று கையை ஓங்கினான்.

டக்... டக்... டக்.

அவன் கை இன்னும் கதவைத் தொடவில்லை.