கோரிமேட்டு வீட்டின் பூட்டைத் திறந்தவள்

1976-ஆம் வருஷம். வாடகைக்கு விட எங்களிடம் ஒரு வீடு இருந்தது. அடுப்பில் வைக்க அரிசி இல்லை.

என் வீட்டுக்காரர் பஞ்சாலையில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். இயந்திரத்தில் வலது கை சிக்கியதோடு அந்த வேலை போயிற்று. ஆலையில் கொடுத்த பணத்தோடு என் நகைகளையும் விற்று, கோரிமேட்டில் இரண்டு போர்ஷன் உள்ள ஓட்டு வீடு ஒன்றை வாங்கினோம். நாங்கள் மூலக்குளத்துக் கூரை வீட்டிலேயே இருந்துகொண்டு, அந்த வாடகையில் பிள்ளைகளைக் காப்பாற்றிவிடலாம் என்பது என் யோசனை. அவருக்கு அரை மனசுதான்.

பத்திரம் பதிகிற நொத்தேரிடம் கிரயம் முடித்த பிறகுதான் தெரிந்தது, முன்பு குடியிருந்தவர் அங்கேயே தூக்கு மாட்டிக்கொண்டார் என்று. வீடு பார்க்க வந்தவர்கள் பக்கத்தில் விசாரித்துவிட்டு அப்படியே திரும்பினார்கள். ஒரு குடும்பம் காலையில் பால் காய்ச்சிவிட்டுச் சாயங்காலமே சாமானை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வீடு எட்டு மாதம் பூட்டியே கிடந்தது. என் வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. பேசுவதையே நிறுத்திவிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் வீராம்பட்டினத்து அம்மன் கோயிலுக்கு நடந்தே போனேன். கூட்டத்தில் அம்மன் முகம் ஒரு நொடிதான் தெரிந்தது. "அம்மா, அந்தக் கதவத் தொறக்க ஒரே ஒரு ஆளு அனுப்பு. யாரா இருந்தாலும் ஏத்துக்கறேன்" என்று அழுதேன்.

மறுநாள் காலை கோரிமேட்டு வீட்டைப் பெருக்க நானும் அவரும் போனோம். பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு ஆணும் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். திண்டிவனம் பக்கத்துக் கிராமம். அந்தப் பெண் பச்சையம்மாளுக்குக் காசநோய். தினமும் அங்கே பக்கத்திலிருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமாம். இருமலைக் கேட்டதும் யாரும் இடம் தரவில்லையாம்.

மாதக்கணக்காகப் பேசாதிருந்த என் வீட்டுக்காரர் என்னைத் தனியே இழுத்தார். "நோவுக்காரங்கள வெச்சா அப்பறம் எவன் வருவான்?"

"இப்ப மட்டும் எவன் வரான்? யாரா இருந்தாலும்னு அம்மாகிட்ட சொல்லிட்டு வந்துட்டேங்க."

எனக்கும் பயம்தான். அதை மறைக்க விரும்பவில்லை. அவர்களிடமும் எதையும் மறைக்கவில்லை. அந்த வீட்டில் நடந்ததைச் சொன்னேன்.

பச்சையம்மாள் மூச்சு வாங்கியபடி, "டீக்கடையிலயே சொன்னாங்கக்கா. நான் பொழைக்க வந்தவ. எனக்கு அதுல இன்னா பயம்?" என்றாள்.

அந்த இடத்திலேயே கை கூப்பினேன். சாவியை அவள் கையில் கொடுத்தவர் என் வீட்டுக்காரர்தான்.

முதல் மாதம் எழுந்து நடக்கவே சுவரைப் பிடித்தவள், பொங்கலுக்குள் குடத்தில் தண்ணீர் தூக்கினாள். மாசியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் நெஞ்சு சுத்தமாகிவிட்டது என்றார். ஆஸ்பத்திரி வரிசையில் அவளைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக எங்களைத் தேடி வந்தார்கள். "பொழச்சவ இருந்த வூடு இதானே?" என்று கேட்டார்கள். அதே தெரு, அதே ஓட்டு வீடு! எந்த மனுஷரால் அந்தக் கெட்ட பேரை மாற்றியிருக்க முடியும்?

1979-இல் பின்பக்கம் இரண்டு அறை கட்டினோம். பிறகு மூலக்குளத்தில் மனை வாங்கி, வாடகைக்கு நான்கு போர்ஷன் எழுப்பினோம். என் வீட்டுக்காரர் இடது கையாலேயே சுண்ணாம்பு அடிக்கப் பழகிக்கொண்டார். பேச்சும் திரும்பி வந்தது. இப்போது அவரை நிறுத்துவதுதான் கஷ்டம். நோயாளியோடு யார் வந்தாலும், சாப்பிட்டீர்களா என்று கேட்ட பிறகுதான் வாடகையைப் பற்றிப் பேசுவார்.

என்னைப்போல் பூட்டிய கதவைப் பார்த்து அழுகிறவர்கள் இதைப் படிக்கலாம். அம்மாவிடம் கேளுங்கள். அவள் அனுப்புகிற ஆள் நீங்கள் நினைத்த ஆளாக இருக்கமாட்டார். பயப்படாமல் உள்ளே கூப்பிடுங்கள்.