பெருங்காயத் தண்ணி

எங்க தேயிலைத் தோட்டத்துல எல்லாரும் கோதுமை மாவுக்கு நாயா அலைஞ்ச காலத்துல, என் வீட்டுக்குள்ள மட்டும் மா நுழையக் கூடாதுன்னு சட்டம். எழுபதுகள்ல மடுல்சீமைப் பக்கம் இருந்தவங்களுக்கு அந்தக் கொடுமை தெரியும். அரிசியைக் கண்ணுல காட்டமாட்டானுங்க. தோட்டத்துல அளந்து குடுக்கிற மாவுல ரொட்டி சுட்டுத் தின்னுதான் சனம் உசிரோட கிடந்துச்சு. அந்த ரொட்டிதான் என் மகளுக்கு ஆகல.

மூணு வயசுப் பிள்ளை. கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. தோட்டத்து டிஸ்பென்சர் பூச்சின்னு சொல்லிச் சொல்லி மருந்து குடுத்து அனுப்பினாரு. கடைசியில பதுளை ஆஸ்பத்திரியில ஒரு டாக்டர்தான் கண்டுபிடிச்சாரு. இந்தக் குடலுக்குக் கோதுமை ஆகாது, ரொட்டி, பாண், பிஸ்கட் எதுவும் கூடாது, மாத் தூசி விழுந்த சாப்பாடுகூடக் கூடாதுன்னாரு. அப்ப என்னத்தக் குடுக்கன்னு கேட்டேன். அரிசி குடுங்க, குரக்கன் குடுங்கன்னாரு, அதான் கேழ்வரகு. அவருக்கென்ன, வாயால சொல்லிட்டாரு.

என் சம்சாரம் அதைச் செஞ்சு காட்டினா. எங்களுக்குக் கிடைச்ச மாவைத் தூக்கிட்டுக் கீழே சிங்களக் கிராமத்துக்குப் போய்க் குரக்கனா மாத்திட்டு வருவா. மலையில கொழுந்து பறிச்ச காலோட அந்த நடை. பழைய ரொட்டிக்கல்லையும் சல்லடையையும் அக்கம்பக்கத்துல குடுத்துட்டுப் புதுசு வாங்கினா. அங்க கிடைக்காத நாள்ல நான் கடையில குரக்கன் மா வாங்கிட்டு வந்தா நம்பமாட்டா. ஒரு பிடி எடுத்துத் தண்ணி விட்டுப் பிசைஞ்சு இழுத்துப் பாப்பா. குரக்கன்னா பொட்டுனு அந்துபோகும், கொஞ்சம் இழுபட்டாலும் அதுல கோதுமை கலந்திருக்கு. அப்படி ரெண்டொரு தடவை இழுபட்டதுல அவளுக்குக் கடை மாவே வெறுத்துப்போச்சு. கோதுமை மா மூட்டையில விட்டு அள்ளின கோப்பையைத்தானே அவனுங்க இதுலயும் விடுறானுங்க! அப்புறம் தானியமா வாங்கி வீட்டுலயே திருகையில அரைச்சா.

ஒரே கூரைக்குக் கீழ வரிசையா வீடு இருக்கிற லயத்துல சும்மா விடுவாங்களா? ஊரே மா இல்லாம சாகுது, மகாராணிக்கு மா கசக்குதாம்னு காது கேக்கப் பேசினாங்க. பக்கத்து வீட்டுக் காம்பராவுல ரொட்டி தட்டினா இவ பிள்ளையைத் தூக்கிட்டு வெளிய மழையில நிப்பா. நான் எங்கயாவது ரொட்டி தின்னுட்டு வந்தா கை வாய் கழுவாம பிள்ளையைத் தொட விடமாட்டா. எனக்கு ஒரு நாள் கோவம் வந்து, நான் என்ன தீட்டான்னு கத்திட்டேன். அவ செம்புல தண்ணியை எடுத்து முன்னால வச்சா.

இவ்வளவு பாத்தும் பிள்ளை தேறலயே! கொஞ்ச நாள் வயிறு வத்தும், பிள்ளை வாசல்ல ஓடும், எங்களுக்கு உசிரு வரும். திரும்பவும் உப்பும். எங்கயோ மா பட்டிருக்குன்னு அவ சட்டி பானையெல்லாம் சாம்பல் போட்டுத் தேய்ச்சு, குரக்கனைத் திரும்பத் திரும்பப் புடைப்பா. வயிறு உப்புசத்துக்கு நம்ம சனத்துக்குத் தெரிஞ்ச மருந்து ஒண்ணுதான், பெருங்காயம். பதுளைக் கடையில நான்தான் வாங்கியாருவேன். வெந்நியில கரைச்சுக் குடுப்பா. பிள்ளை மூஞ்சியைத் திருப்பிக்கும். கொஞ்சிக் கெஞ்சி எப்படியும் குடிக்க வச்சிருவா.

ஒரு மழை மாசத்துல வயித்தால போக ஆரம்பிச்சு நிக்கவே இல்ல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். வெறுங்கையோட திரும்பி வந்தோம்.

அடுத்த வருசம் என் தங்கச்சி எங்க வீட்டுல பிள்ளை பெத்திருந்தா. பெருங்காயம் வேணும்னு பதுளைக்குப் போனேன். எப்பவும் வாங்குற கடைதான், முதலாளி முஸ்லிம், அவங்க பேச்சுல அண்ணனுக்கு நானா, நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். சரக்கு வரலன்னாரு. ஏன் நானான்னு கேட்டேன்.

"மா கிடைக்கலயே தம்பி, எதைப் போட்டுக் கட்டுவாங்க?"

எனக்கு விளங்கல. என்ன மான்னு கேட்டேன்.

"கோதுமை மாதான். பாதிக்கு மேல அதுதானே. தனிப் பெருங்காயத்த நாக்குல வைக்க ஏலுமா?"

அவரு ஒளிக்கல, ஏமாத்தவும் இல்ல. ஊருக்கெல்லாம் தெரிஞ்ச விசயம் மாதிரி சொல்லிட்டு அடுத்த ஆளுக்குச் சீனி நிறுத்தாரு. நான் பஸ் ஸ்டாண்டுல உக்காந்துட்டேன். பஸ் வந்துச்சு, போச்சு. அதனாலதான் பிள்ளை போச்சா, வேற எதனாலயா, எனக்குத் தெரியாது. இனிமே யாருகிட்டப் போய்க் கேக்க?

வீட்டுக்கு வந்தப்ப சம்சாரம் தங்கச்சி பக்கத்துல உக்காந்திருந்தா. பெருங்காயம் எங்கன்னு கேட்டா. கடையில இல்லன்னேன். அவ தங்கச்சி பிள்ளையைத் தடவிக்கிட்டே, என்னைப் பாக்காம சொன்னா.

"நம்ம பிள்ளைக்கு எதைக் குடுக்க முடியலன்னாலும் பெருங்காயத் தண்ணி மட்டும் கடைசி வரைக்கும் விடல. அதுல நான் குறை வைக்கலங்க."

அவளுக்கு மிச்சமிருந்த ஆறுதல் அது ஒண்ணுதான். அவ சாகுற வரைக்கும் யாரு துக்கம் விசாரிச்சாலும் அதையே சொல்லுவா, சொல்லிட்டு என்னைப் பாப்பா.

"ஆமா புள்ள, நீ ஒரு குறையும் வைக்கல"ன்னு சொல்லுவேன்.