மாடி வீட்டு ஓட்டு

இடது கை ஆள்காட்டி விரலில் மை இன்னும் போகவில்லை. புளி கரைத்தாயிற்று, பாத்திரம் தேய்த்தாயிற்று, ரெண்டு தரம் துணியும் துவைத்தாயிற்று. ஓட்டுப் போட்டு ஆறு நாள் ஆகிறது. நகத்து ஓரமாக உட்கார்ந்துகொண்டு போக மாட்டேன் என்கிறது.

வழக்கமாக அந்த விரலைப் போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்பில் போடுகிற ஆள் நான். இந்த முறை போடவில்லை. ஏன் என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் வெட்கக்கேடான கதை. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

கணபதி என்கிற ஏரியாவில் எங்கள் வீடு. கீழே நானும் என் கணவரும். மாடியில் மூன்று வருடமாக ஸ்டெல்லா குடியிருக்கிறாள். தனியார் லேப் ஒன்றில் ரத்தம் எடுக்கிற வேலை. அவள் கணவர் இறந்துவிட்டார். பிளஸ் ஒன் படிக்கிற மகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் சர்ச்சுக்குப் போகிற சத்தம் கேட்டுத்தான் நான் எழுந்திருப்பேன். வாடகை அக்ரிமென்ட் என்று எதுவும் கிடையாது. ‘மனுசங்களைப் பார்த்தாத் தெரியாதுங்களா’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

இங்கே வருவதற்கு முன் அவள் மதுக்கரையில் இருந்தாள். போன தேர்தலுக்கு ரெண்டு பஸ் மாறி அங்கே போயிருக்கிறாள். வெயிலில் ஒன்றரை மணி நேரம் வரிசை. கடைசியில், ‘உங்க பேர் லிஸ்ட்ல இல்லீங்க’ என்று சொல்லிவிட்டார்கள். வீட்டைக் காலி செய்தது தெரிந்து யாரோ நீக்கியிருக்கிறார்கள். கையில் வாக்காளர் அட்டை இருக்கிறது... பெயர் இல்லை.

“மகளையும் கூட்டிக்கிட்டுப் போயிருந்தனுங்க அக்கா. அவ முன்னாடி ஒரு மாதிரி ஆயிப்போச்சுங்க” என்றாள், இதை எனக்கு முதல் முறை சொன்னபோது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது, குறித்துக்கொள்ளுங்கள். அட்டை இருந்தால் ஓட்டு இருப்பதாக அர்த்தமில்லை. பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பெயர் இருந்தால் ஆதார், டிரைவிங் லைசென்ஸ் என்று வேறு அடையாளம் காட்டியும் ஓட்டுப் போடலாம். வீடு மாறியவர்கள், பழைய இடத்தில் பெயர் இன்னும் இருந்தால் படிவம் எட்டு. பெயரே இல்லாவிட்டால், புதிதாகச் சேருகிறவர்களைப் போலப் படிவம் ஆறு. நம் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

இதையெல்லாம் தேர்தலுக்குச் சில மாதம் முன்பு இந்தப் பேப்பரில் இதே பத்தியில் விலாவாரியாக எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? ‘உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா, இன்றே பாருங்கள்’ என்று கையை உயர்த்திப் பேசினேன். நிறையப் பேர் பாராட்டினீர்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

அது வெளியாகி ரெண்டு வாரம் இருக்கும். பகல் பதினொரு மணி. பி.எல்.ஓ. வந்தார். ஒவ்வொரு ஓட்டுச்சாவடிக்கும் ஓர் அலுவலர் உண்டு, வீடு வீடாக வந்து சரிபார்ப்பவர். எங்களுக்கு ஓர் அங்கன்வாடி டீச்சர். கையில் ஃபைல், தோளில் பை, முகமெல்லாம் வேர்வை. உட்கார வைத்து மோர் கொடுத்தேன்.

“ஏனுங்க அம்மா, மேல ஸ்டெல்லான்னு ஒருத்தங்க ஓட்டுக்கு அப்ளை பண்ணியிருக்காங்க. அட்ரஸுக்கு புரூஃப் ஒண்ணும் சரியா இல்லீங்க. அதான் நேர்ல பார்த்துட்டுப் போலாம்னு. இங்கதான இருக்காங்க?”

ஆதாரில் மதுக்கரை முகவரி. கரண்ட் பில் எங்கள் பெயரில். அக்ரிமென்ட் கிடையாது. ஆக, ஸ்டெல்லா இந்த வீட்டில் இருக்கிறாள் என்பதற்கு அந்த நேரத்தில் ஒரே அத்தாட்சி... நான்.

ஸ்டெல்லா வேலைக்குப் போயிருந்தாள். மகள் ஸ்கூலுக்கு. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? எங்கள் தெருவில் வாடகைக்கு விடுகிற எல்லோர் வீட்டிலும் புழங்குகிற ஒரு பயம் உண்டு. வாடகைக்காரருக்கு நம் கதவு எண்ணில் ஓட்டு வந்துவிட்டால், அடுத்தது ரேஷன் கார்டு, அப்புறம் கிளப்பவே முடியாது, ஒரு நாள் வீடே அவர்களுடையது ஆகிவிடும் என்று. யாருக்கு அப்படி ஆனது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் மகனுக்கும் மருமகளுக்கும் சொத்தோடு சேர்த்து இந்தப் பயத்தையும் எழுதி வைத்துவிடுவோம்.

“வாடகைக்குத்தானுங்க டீச்சர். நிரந்தரமா இருக்கற ஆளுங்க இல்லீங்க. இன்னைக்கோ நாளைக்கோ காலி பண்ணிப்போடுவாங்க” என்றேன்.

என் வாயால்தான் சொன்னேன். எங்கள் ஊரில் ஒரு வசதி, ‘ங்க’ போட்டுச் சொன்னால் பொய்கூட மரியாதையாகத்தான் கேட்கும். டீச்சர் ஏதோ குறித்துக்கொண்டு, மோர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். நான் மதியச் சமையலைப் பார்க்கப் போய்விட்டேன்.

பத்து நாள் கழித்து, சாயங்காலம் ஸ்டெல்லா இறங்கி வந்தாள். ஒரு கையில் செல்போன், இன்னொரு கையில் ஒரு பேப்பர் கட்டிங்.

“ரிஜெக்ட் ஆயிருச்சுங்க அக்கா. இந்த முகவரியில நிரந்தரமா வசிக்கலைன்னு போட்டிருக்காங்க.”

போனை நீட்டினாள். பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியாதே...

“நீங்க எழுதினதைப் படிச்சுத்தானுங்க அப்ளை பண்ணினேன்” என்று கட்டிங்கைப் பிரித்தாள். என்னுடைய பத்தி. என் போட்டோ, சிரித்த முகத்தோடு. சில வரிகளுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. “எப்படியும் இந்தத் தடவை போட்டுறோணும்னு இருந்தனுங்க. எங்கப்பன் தோட்டத்துல கூலி வேலைதான். தோட்டத்துக்காரர் குடுத்த சாளை ஊட்டுலதான் நாங்க இருந்தோம், ஒரே ரூமு. அந்த அட்ரஸ்ல எங்கப்பனுக்கு ஓட்டு இருந்துச்சுங்க. எனக்கு இல்லாமப் போச்சு பாருங்க.”

சும்மா பேச்சுவாக்கில்தான் சொன்னாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. என்ன பதில் சொன்னேன்? “அப்படியாங்கண்ணு... விசாரிப்போம்” என்றேன். குற்றவாளியே விசாரணை அதிகாரி.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. தட்டைப் பார்த்தபடியே, “துடியலூர்ல நாம வாடகைக்கு இருந்தப்ப உனக்கு ஓட்டு எந்த அட்ரஸ்ல இருந்துச்சு?” என்றார்.

கல்யாணமான புதிதில் எட்டு வருடம் துடியலூரில் வாடகை வீடு. ஓட்டுக்கு என்றதும் வீட்டுக்காரர் வீட்டு வரி ரசீதைக் கொண்டுவந்து கொடுத்து, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுங்கள் என்றார், அவ்வளவுதான். அந்த வீட்டை நாங்கள் ஒன்றும் எழுதி வாங்கிக்கொள்ளவில்லை. காலி செய்தபோது ரெண்டு ஃபேனைக்கூட விட்டுவிட்டுத்தான் வந்தோம்.

அந்தச் சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் வாக்காளர் பட்டியலுக்கான சிறப்பு முகாம். ஸ்டெல்லா காலையிலேயே போய் மறுபடி படிவம் ஆறு கொடுத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். அவள் போனதைப் பார்த்துக்கொண்டுதான் நான் கிளம்பினேன். இரண்டாம் வகுப்பு பெஞ்சில் டீச்சர் உட்கார்ந்திருந்தார்.

“டீச்சர், அன்னைக்கு நான் சொன்னது தப்புங்க. ஸ்டெல்லா எங்க ஊட்டுலதான் மூணு வருசமா இருக்காங்க. காலி பண்ற பேச்சே இல்லீங்க.”

டீச்சர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“ஓட்டு வந்தா ஊடு போயிரும்னு பயந்துட்டீங்களாக்கும்? நீங்க மட்டும் இல்லீங்கம்மா, தெருவுக்குத் தெரு இதேதான். ஓட்டுங்கறது எங்க குடியிருக்காங்கன்னு மட்டும் பார்க்கறதுங்க. ஊடு யாருதுன்னு பார்க்கறதுக்குப் பத்திரம் இருக்குது.” ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். “எழுத்துல குடுத்துருங்க. நீங்க எழுதறவங்கதானுங்க?”

எத்தனையோ வருடமாக வாராவாரம் எழுதுகிறேன். அந்த நாலு வரிக்குத்தான் அதிக நேரம் ஆனது. ‘மேற்படி கதவு எண்ணில் மாடியில் வசித்து வருகிறார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். டீச்சர் மறுநாளே வந்து மாடி ஏறிப் பார்த்துவிட்டும் போனார்.

சொல்ல மறந்துவிட்டேனே, இதற்கெல்லாம் கடைசி நாள் உண்டு. தேர்தல் அறிவித்த பிறகு ஆற அமர விண்ணப்பிக்கலாம் என்று இருந்தால் வாசலைச் சாத்திவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் மென்று முழுங்கிக்கொண்டிருந்தால் அவளுக்கு இந்தத் தேர்தலும் போயிருக்கும். என்னால்.

அட்டை தபாலில் வந்தது. தபால்காரர் கேட்டில் நின்ற என்னிடம் ஸ்டெல்லா இருக்கிறாரா என்று கேட்டார். “இங்கதானுங்க இருக்காங்க” என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. கவரின் மேல் எங்கள் கதவு எண். அதற்கு மேலே அவள் பெயர். எனக்கு எதுவும் குறைந்துவிட்டதாகத் தெரியவில்லை.

ஓட்டு நாளன்று ரெண்டு பேரும் ஒன்றாகத்தான் போனோம். காலை ஏழரைக்கே வரிசை கேட் வரை வந்துவிட்டது. ஸ்டெல்லா எனக்கு முன்னால். அட்டையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். மதுக்கரை வரிசை ஞாபகம் வந்திருக்கும். நானும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே நகர்ந்தேன், என் பெயருக்காக அல்ல.

அலுவலர் பட்டியலைப் புரட்டினார். ஒரு பக்கம். இன்னொரு பக்கம். பிறகு அவள் பெயரைச் சத்தமாக வாசித்தார்.

ஸ்டெல்லாவின் தோள் இறங்கியதைப் பின்னாலிருந்து பார்த்தேன். கையெழுத்து, மை, அட்டைத் தடுப்பு. பீப் சத்தம். எந்தப் பட்டனை அழுத்தினாள் என்பது அவளுக்கும் அந்த மெஷினுக்கும்தான் தெரியும்.

திரும்பி வருகிற வழியில் பேக்கரியில் டீ குடித்தோம். மனசு கேட்கவில்லை.

“ஸ்டெல்லா, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். மொதல் தடவை உன் அப்ளிகேசன் ரிஜெக்ட் ஆச்சல்ல...”

“தெரியுமுங்க அக்கா.”

டீ கிளாஸ் கையிலேயே நின்றது.

“ரிஜெக்ட் ஆனதுமே பி.எல்.ஓ. மேடத்துக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டனுங்க. ஹவுஸ் ஓனர் இப்படிச் சொன்னாங்கன்னு சொன்னாங்க.”

“அப்பறம் ஏங்கண்ணு எங்கிட்டயே வந்து நின்னே? கோவம் வரலியா?”

“வந்துச்சுங்க.” டீயை ஆற்றி ஒரு வாய் குடித்தாள். “அதனாலதான அந்தப் பேப்பரை எடுத்துக்கிட்டு வந்தேன்.”

அவள் எழுந்து, கிளாஸை வைத்துவிட்டு, மை வைத்த விரலை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

“இதையும் எழுதிப்போடுங்க அக்கா. நம்ம தெருவுல எல்லா ஊட்டுக்காரரும் உங்களைப் படிக்கறாங்க.”

எழுதிப்போட்டேன், ஸ்டெல்லா.