சேலம் தெரிகிற இடத்தில் ஒரு தேன் பெட்டி

தொண்ணூற்று ஒன்பதாம் வருஷம், தை மாதம், ஒரு வியாழக்கிழமை. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, மாதா படத்துக்கு முன்னால் குடும்பமாக முழங்காலில் நின்று ஜெபமாலை சொல்லி முடித்தோம். என் மனைவி புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். மகள் ஸ்டெல்லா நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வாசல் அறையில் டெலிபோன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"இப்பவே எதுக்கு சாமி? நாங்க மலை ஏறவே எட்டு மணி ஆகுமே" என்றேன்.

"நீங்க கிளம்புங்கப்பா. நான் பாத்துக்கறேன்."

எதற்காக இந்தப் பயணம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேலத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். எட்டாவது வரை படிப்பு. போன ஐப்பசியில் லூர்து மேரி என்ற நர்சம்மா ஒரு ஸ்டெபிலைசரைச் சுமந்துகொண்டு கடைக்கு வந்தார்கள். ஏற்காட்டுக்கு அப்பால் செம்மநத்தத்தில் உள்ள சின்ன மருந்தகத்தின் பிரிட்ஜுக்கு உண்டானது. அந்தப் பிரிட்ஜில்தான் குழந்தைகளுக்கான போலியோ சொட்டு மருந்து இருக்கிறது. நர்சம்மா குடியிருப்பது ஏற்காட்டில். செம்மநத்தத்துக்குப் போவது வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் மட்டும். மழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் போனது, அந்த ஊரில் போன் இல்லாததால் நர்சம்மாவுக்குத் தெரியாமல், மருந்து முழுவதும் கெட்டுவிட்டது. இன்னொரு தரம் இப்படி ஆனால் பிரிட்ஜைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று மேலதிகாரிகள் சொல்லிவிட்டார்களாம். அப்புறம் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் ஏற்காட்டுக்கு நடக்க வேண்டும். எத்தனை பேர் நடப்பார்கள்?

அவர்கள் இதைச் சொன்னபோது எனக்கு ஸ்டெல்லா நினைவு. மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது காலுக்கு இரும்புச் சட்டம் போட்டவள். இப்போது வயது இருபத்தாறு. அவளுடைய தையல் மெஷினுக்கு நானே மோட்டார் மாட்டிக் கொடுத்தேன். வீட்டிலிருந்தே ஜாக்கெட் தைக்கிறாள். அன்று இரவே மாதாவிடம் நேர்ந்துகொண்டேன், இந்தப் பிரிட்ஜுக்கு ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்று.

வழி சொன்னவர் பாலிடெக்னிக் ஆசிரியர் சபரிநாதன் சார். "அண்ணா, பிரிட்ஜுக்கு ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்துருவோம். கரண்ட் போனா அதுவே கூப்பிட்டுச் சொல்லட்டும்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு ரிலே, ஒரு சின்ன பேட்டரி, பழைய செல்போன் ஒன்று. கரண்ட் நின்றதும் ரிலே என்கிற ஸ்விட்ச் விழும், போன் பொத்தான் அழுந்தும், எங்கள் வீட்டு டெலிபோனில் மூன்று தரம் மணி அடித்து நிற்கும். ஒரு நிமிஷம் விட்டு இன்னும் மூன்று. யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால்தான் செல்போனில் காசு. மணி அடித்து நின்றால் காசே இல்லை. நர்சம்மா நாளெல்லாம் வெளியே சுற்றுகிறவர்கள், ஸ்டெல்லாதான் எப்போதும் வீட்டில். மணியை எண்ணியதும் அவள் ஏற்காட்டுக்குக் கிடைக்கும் வரை போன் பண்ணி நர்சம்மாவிடம் சொல்ல வேண்டும். அவர்கள் மருந்தை எடுக்க ஐஸ் டப்பாவோடு ஓடுவார்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் கூப்பிட்டாலும் நாலாவது மணிக்குத்தான் எடுக்கிறோம். என் மச்சினன் கோபித்துக்கொண்டான், "ஏனுங்க மாமா, நம்ம போனுன்னாத்தான் எடுக்க யோசனையா?" என்று.

காலை 6.10. சேலம் பஸ் ஸ்டாண்டில் சபரி சாரும் நானும் ஏற்காடு பஸ் ஏறினோம். டிக்கெட் ஆளுக்கு ஒன்பது ரூபாய். என் மடியில், செல்போனை வைக்க நான் செய்த பெட்டி. அதைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறேன். பதினாறு கேஜ் இரும்புத் தகடு, நாலு மூலையும் வெல்டிங், பச்சை பெயிண்ட் இரண்டு கோட், கதவுக்கு ரப்பர், பித்தளைப் பூட்டு, முன்பக்கம் வெள்ளையில் சின்னதாக ஒரு சிலுவை. யானை மிதித்தாலும் நசுங்காது. கண்டக்டர் பார்த்துவிட்டு, "உள்ள என்னங்க, நகையா?" என்றார்.

"பிரிட்ஜோட வாய்" என்றார் சபரி சார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

அடிவாரத்தில் வண்டி ஐந்து நிமிஷம் நின்றது. அதற்கப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பலகையில் எண் எழுதியிருக்கிறது. சபரி சார் செல்போனை ஜன்னல் கம்பி ஓரமாகப் பிடித்துக்கொண்டு, அதில் தெரியும் சிக்னல் கோடுகளை நோட்டில் குறித்தபடி வந்தார். மூன்றாவது வளைவு, நாலு கோடு. ஒன்பதாவது, ஒன்றுமில்லை. பதினொன்று, மூன்று.

மலை மேலே அப்போது டவர் வரவில்லை. கீழே சேலத்து டவரிலிருந்துதான் ஏறி வர வேண்டும். பதினான்காவது வளைவு தாண்டியதும் எனக்கே பிடிபட்டுவிட்டது. "சார், கீழே நம்ம ஊர் தெரியற வளைவுல எல்லாம் கோடு வருது. மலை மறைச்சா போயிடுது" என்றேன்.

"அதே கணக்குத்தான் அண்ணா. டவர் நம்மைப் பாக்கணும், நாம டவரைப் பாக்கணும்" என்று என் முதுகில் தட்டினார். எட்டாம் வகுப்போடு நின்றவனை ஒரு பாலிடெக்னிக் ஆசிரியர் தட்டிக் கொடுக்கிறார் என்றால் சும்மாவா! குளிரிலும் எனக்கு வியர்த்தது.

காலை 7.45. ஏற்காடு. ஏரி மேல் பனி கிடந்தது, தண்ணீர் தெரியவே இல்லை. நர்சம்மா ஐஸ் டப்பாவோடு காத்திருந்தார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை முப்பது குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்க வேண்டும். அதற்குரிய மருந்து அந்த டப்பாவில். "இன்னிக்கு ராத்திரி இது அந்தப் பிரிட்ஜுல தனியா இருக்கணுங்க. எனக்குத் தூக்கமே வராதுங்க" என்றார்கள்.

ஜீப் ஓட்டியவர் பெயர் பழனி. போக வர வாடகை இருநூறு ரூபாய். எங்கள் விஷயத்தைக் கேட்டதும் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "எங்க ஊட்டுலயே போனு இல்லீங்க. பிரிட்ஜுக்குப் போனுங்களா? நாளைக்கு அது பொண்ணு பாக்க வரச் சொல்லும்!"

"சிரிங்க, சிரிங்க. அது கூப்பிடற அன்னிக்கு உங்க ஜீப்தான் போகணும்" என்றார்கள் நர்சம்மா.

கொட்டச்சேடு வரை இரண்டு பக்கமும் காபித் தோட்டம், சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடி. காபிப் பழம் பறிக்கிற காலம். சாக்கை இடுப்பில் கட்டிய பெண்கள் வரிசையாக நடந்து போனார்கள். அதற்கப்புறம் பாதை ஒரு ஜீப் அகலம்தான். எதிரே மாட்டு வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். பழனி போகவில்லை. வண்டிக்காரர்தான் போனார்.

காலை 9.20. செம்மநத்தம். மருந்தகம் ஓட்டுக் கட்டடம், முதுகை மலைக்குக் கொடுத்து நிற்கிறது. உள்ளே பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு கோடு கூட இல்லை. சபரி சார் செல்போனை இரண்டு கையாலும் தலைக்கு மேல் ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். திருநாளில் மாதா கோயில் சாமியார் நற்கருணை அப்பத்தை ஏந்தி வருகிற மாதிரியே இருந்தது. சேசுவே மன்னியுங்கள் என்று சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தேன். எங்களுக்குப் பின்னால் ஊரே வந்தது. கூரை மேல், இல்லை. தண்ணீர்த் தொட்டி மேல், ஒன்று வந்து போனது. வடக்கே போகப் போக ஒன்றுமில்லை.

"சார், சேலம் எங்க தெரியும்னு கேக்கலாமே" என்றேன்.

வெள்ளையன் என்ற விவசாயி, ஐம்பது வயது இருக்கும், கையை நீட்டினார். "சேலம் பாக்கோணும்னா அந்தப் பாறைக்குத்தானுங்க போகோணும். பொழுதானா லைட்டு நட்சத்திரமாட்டத் தெரியும்."

மருந்தகத்திலிருந்து நாற்பது அடிகூட இல்லை. பாறை ஓரம் போய் நின்றால், ஆண்டவரே, சமவெளி முழுவதும் காலடியில். வயல், சாலை, தூரத்தில் புகை மாதிரி எங்கள் ஊர். செல்போனில் மூன்று கோடு! சபரி சார் ஒரு துள்ளுத் துள்ளினார். நானும்தான். அங்கேயே எங்கள் வீட்டுக்குப் போட்டார்.

"ஸ்டெல்லா, கேக்குதா?"

"பக்கத்துத் தெருவுல பேசற மாதிரி கேக்குதுப்பா!"

பிரிட்ஜ் பிளக்கிலிருந்து பாறை வரை ஒயர் இழுத்தோம். அதில் வரும் கரண்ட்டிலேயே பேட்டரியும் சார்ஜ் ஆகிவிடும். கம்பம் நட்டோம். என் பச்சைப் பெட்டியை மாட்டி, போனை உள்ளே வைத்து, கதவு திறந்தபடி ஒரு சோதனை. கரண்ட் போன மாதிரி பிளக்கைப் பிடுங்கியதும் வீட்டில் மூன்று தரம் மணி அடித்ததாக ஸ்டெல்லா சொன்னாள். ஊரார் கை தட்டினார்கள். நான் கதவைச் சாத்திப் பித்தளைப் பூட்டைப் போட்டேன். சிலுவையைத் தொட்டுக் கும்பிட்டேன். மறுபடி பிளக்கைப் பிடுங்கினோம்.

ஐந்து நிமிஷம் பொறுத்து, பெட்டியைத் திறந்து வீட்டுக்குப் பேசினால், "ஒண்ணும் அடிக்கலையேப்பா" என்கிறாள்.

பூட்டினோம். பிடுங்கினோம். இல்லை. சபரி சார் ரிலேயைக் கழற்றிப் பார்த்தார், பேட்டரியைப் பார்த்தார், ஒயரை அடி அடியாகத் தடவினார். திறந்து வைத்தால் அடிக்கிறது, மூடினால் இல்லை. மணி ஒன்றாகிவிட்டது. புளிச்சோறு அவிழ்க்கப்படாமல் கிடந்தது. நர்சம்மா ஐஸ் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார்கள். முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஆகலைன்னா மருந்தைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடறேனுங்க" என்றார்கள் மெதுவாக. அப்படியானால் நாளைக்கு வெயிலில் திரும்ப இத்தனை தூரம் அது வர வேண்டும். எத்தனை வெள்ளிக்கிழமை இப்படி நடக்கும்?

பழனி ஜீப்பில் சாய்ந்து கொட்டாவி விட்டார். "ஏனுங்ணா, அந்தப் பெட்டிக்குள்ள என்னை வெச்சுப் பூட்டுனா நான் கத்தறதே வெளிய கேக்காது. போனு என்ன பண்ணும் பாவம்?"

சபரி சார் கை அப்படியே நின்றது. நெற்றியில் படாரென்று அடித்துக்கொண்டார். "அண்ணா! இரும்பு! சுத்தியும் இரும்பு! அலை எப்படிப் போகும் உள்ள? பசங்களுக்கு வருஷா வருஷம் நான்தான் சொல்லிக் கொடுக்கறேன்!"

ஸ்டார்ட்டர் என்றால் இரும்புப் பெட்டி, மெயின் என்றால் இரும்புப் பெட்டி. முப்பது வருஷமாக கரண்ட் சாமான் எதுவாக இருந்தாலும் இரும்பில் வைத்துப் பூட்டியே பழகிய கை இது. எவ்வளவு கனமாகச் செய்கிறேனோ அவ்வளவு பக்தி என்று நினைத்துவிட்டேன். பூட்டைக் கழற்றும்போது கண்ணில் தண்ணீர் வந்ததை மறைக்கவில்லை.

"அதுக்கேனுங்க அழுவறீங்க?" என்று வெள்ளையன் காபித் தோட்டத்துக்குள் போனார். வரும்போது தோளில் ஒரு தேன் பெட்டி. பலா மரப்பலகை, மேலே சாய்ந்த மூடி, நாலு கால். "தேன்பூச்சி போன வருசமே ஓடிப் போச்சுங்க. மூணு மழை தாங்குன பெட்டி. சொட்டு உள்ள எறங்காது. மரம்தானுங்களே, ஆகுமுங்களா?"

மத்தியானம் 2.35. மரப் பெட்டிக்குள் போனை வைத்து, மூடியைக் கவிழ்த்து, பிளக்கைப் பிடுங்கினோம். எனக்குள் அருள் நிறைந்த மரியாயே ஜெபம் ஓடியது. பிறகு மூடியைத் திறந்து சபரி சார் நம்பரை அழுத்தினார். நாலாவது மணிக்குத்தான் ஸ்டெல்லா எடுத்தாள், விதிப்படி.

"மூணு அடிச்சு நின்னுதுப்பா! அப்புறம் இன்னும் மூணு! எழுதி வெச்சுட்டேன்!"

பழனிதான் முதலில் விசில் அடித்தார். பிளக்கை மறுபடி மாட்டியதும் நர்சம்மா டப்பாவோடு எழுந்து உள்ளே போனார்கள். பிரிட்ஜ் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அதைவிட இனிமையான சத்தம் அன்றைக்கு வேறொன்றும் நான் கேட்கவில்லை.

புறப்படும் முன் என் கழுத்தில் இருந்த மாதா சுரூபத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். இவ்வளவு சின்ன உலோகம் தடுக்காது என்று சார் உத்தரவு கொடுத்தார். வெள்ளையன் மூடியில் மஞ்சளும் குங்குமமும் வைத்தார். "உங்க அம்மாவும் எங்க மலைச்சாமி சேர்வராயனும் பாத்துக்குவாங்க. பூச்சி கொட்டும்னு நெனச்சு ஒரு பையனும் கை வெக்க மாட்டான்" என்றார். பச்சைப் பெட்டியை அவரிடமே கொடுத்தேன். மிளகு போட்டு வைக்கிறாராம், எலி கடிக்க முடியாதாம். பெட்டிக்குப் பெட்டி சரியாகப் போயிற்று.

மாலை 6.50. வீடு. ஸ்டெல்லா நோட்டைக் காட்டினாள். ஒவ்வொரு மணியும் நேரத்தோடு எழுதியிருந்தாள். காபி டம்ளரை வாயில் வைக்கிறேன், டெலிபோன் அடித்தது. பழக்கத்தில் என் கை போயிற்று.

"தொடாதீங்கப்பா!"

ஒன்று. இரண்டு. மூன்று. நின்றது. அடுப்படியிலிருந்து மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். சுவர்க் கடிகாரம் ஓடியது. மறுபடி ஒன்று. இரண்டு. மூன்று. சோதனை இல்லை இது. மலையில் கரண்ட் நிஜமாகவே போய்விட்டது.

ஸ்டெல்லா ஏற்காட்டுக்கு நம்பரைச் சுழற்றினாள். "நர்சம்மாங்களா? செம்மநத்தத்துல கரண்ட் இல்லீங்க. ஏழு மணி ரெண்டு நிமிஷத்துக்குப் போயிருக்குங்க." போனுக்குள் அந்தப் பக்கம் ஜீப் ஹாரன் சத்தம் எனக்கே கேட்டது. பழனிதான் கத்தினார்: "பிரிட்ஜக்கா கூப்ட்டாங்களா? ஏறுங்க, ஏறுங்க!"

வெள்ளிக்கிழமை மத்தியானம் நர்சம்மா கூப்பிட்டார்கள். ராத்திரி மருந்து ஐஸ் டப்பாவில் அவர்கள் பக்கத்திலேயே இருந்ததாம். முப்பதுக்கு மேல் ஒரு குழந்தை கூடுதலாகவே வந்ததாம்.

எங்கள் மாடியில் நின்றால் சேர்வராயன் மலை முழுதும் தெரியும். பிறந்தது முதல் பார்க்கிற மலைதான். மழை வருமா என்று பார்ப்பதோடு சரி. அன்று பொழுது சாய ஸ்டெல்லா காலைப் படி படியாகத் தூக்கி வைத்து மாடிக்கு வந்துவிட்டாள். ஏறி வருஷக்கணக்காகிறது.

"எந்த இடம்பா?"

கை நீட்டிக் காட்டினேன். மரமும் தெரியவில்லை, பாறையும் தெரியவில்லை. நீல மலையில் ஒரு மடிப்பு, அவ்வளவுதான். ஆனால் அங்கிருந்து எங்கள் ஊர் தெரிந்ததே. அப்படியானால் இங்கிருந்து அதுவும் இருக்கத்தானே வேண்டும். அவள் கொஞ்ச நேரம் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். அப்புறம் சட்டென்று திரும்பினாள்.

"போதும்பா. போன்கிட்ட யாரும் இல்ல."

சொல்லிவிட்டு, என் கையைப் பிடிக்காமலே இறங்கிப் போனாள்.